சிறுநீரகத்துக்காக ஜெபிப்பது பாவமா?

கேள்வி:

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

என் கணவருக்கு 47 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நான் கொடுக்க முடியாது. அவருடைய அண்ணன் கொடுக்க முன்வந்தார்; இரத்தப் பிரிவு சேரவில்லை. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எதுவும் சாப்பிடாமல் உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார்கள். கார் பிடித்து ஓடினோம். இரத்தம் எடுத்தார்கள். விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில், பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களைப் போலவே வந்திருந்த இன்னொருவருக்குக் கிடைத்துவிட்டது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வயிறு எரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியர், ஈஸ்டருக்குள் அற்புதம் நடக்கும் என்று தலையில் கைவைத்துச் சொன்னார். ஈஸ்டர் போய்விட்டது. இப்போது சிலர், உங்கள் விசுவாசம் போதாது, டயாலிசிஸை நிறுத்திவிட்டு மூன்று நாள் உபவாசம் இருந்து கர்த்தரை நம்புங்கள் என்கிறார்கள். என் மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வெளியூர்க் கல்லூரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாமே அப்படித்தான் நிற்கிறது. அவரோ, ‘என்னால் உங்களுக்குத்தான் தொல்லை’ என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஒரு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டார் என்று நேற்று அவரிடம் கத்திவிட்டேன்.

பொறுமை எங்கிருந்து வரும் ஐயா? இன்னொன்றும் கேட்கவேண்டும். சிறுநீரகம் கிடைக்கவேண்டும் என்று ஜெபிக்கும்போது, யாரோ ஒருவர் சாகவேண்டும் என்றல்லவா கேட்கிறேன்? கொஞ்ச நாளாக ஜெபிக்கவே பயமாக இருக்கிறது.

— தென்மாவட்ட வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் கேட்பதுபோல் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஜெபிக்கவே பயமாக இருக்கிறவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மருத்துவமனையில் போதகராக இருக்கிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டயாலிசிஸ் பிரிவின் வாசலில், மற்றவர்கள் எழுந்து போனபிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் எல்லாருமே மனசாட்சி உள்ளவர்கள். இன்னொருவருடைய வீட்டுத் துக்கத்தை நினைத்துப் பார்க்காதவருக்கு இந்தப் பயம் வராது. ஆகவே இது வந்ததற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனையில் நடப்பது என்னவென்று பாருங்கள். ஒருவர் சாலை விபத்தில் அடிபட்டோ, மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டோ ஐசியூவுக்கு வருகிறார். அவரைப் பிழைக்கவைக்கத்தான் எல்லாரும் பாடுபடுகிறார்கள். அது கைகூடாமல், மூளையின் இயக்கம் இனித் திரும்பாதபடி நின்றுபோய்விட்டது என்று தெரிந்தால், நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கிறது. அதன்பிறகே மூளைச்சாவு என்று சான்றளிக்கிறது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்கிற மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் இப்படித்தான் நடக்கவேண்டும். பிறகுதான் குடும்பத்தாரிடம் கேட்கிறார்கள். அவர்கள் முடியாது என்றால் அதோடு சரி.

இந்த வரிசையில் உங்கள் ஜெபம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த விபத்தை நீங்கள் கேட்கவில்லை. அந்த மரணத்தையும் நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் அது நடந்திருக்கும். எல்லாம் முடிந்தபிறகு, துக்கத்தில் இடிந்துபோய் நிற்கிற ஒரு தாயோ தகப்பனோ, ‘எங்களுக்குத்தான் இல்லை, வேறு யாருக்காவது உதவட்டும்’ என்று சொல்கிற அந்த ஒரு சொல் இருக்கிறதே, நீங்கள் தேவனிடம் கேட்பது அதைத்தான். நீங்கள் காத்திருப்பது ஒரு சாவுக்காக என்று நினைக்காதீர்கள். ஒரு கொடைக்காகக் காத்திருக்கிறீர்கள்.

2008ஆம் ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனுடைய பெற்றோர் அப்படித்தான் கொடுத்தார்கள். இருவருமே மருத்துவர்கள். பைக் விபத்தில் மகனுக்கு மூளைச்சாவு ஏற்பட்டபோது, அது என்னவென்று யாரும் அவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. உறுப்பு தானம் என்ற பேச்சு தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் நுழைந்ததில் அந்தப் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடுக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது ஊருக்குத் தெரியவேண்டும். வாங்கிக்கொள்கிற குடும்பங்களுக்கு அது எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆகவே, சகோதரி, ஜெபத்தை நிறுத்தாதீர்கள். அதைப் பெரிதாக்குங்கள். இன்று ராத்திரி சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று முழு மனதோடு கேளுங்கள். அதே மூச்சில், ‘ஆண்டவரே, என் கணவருக்கு ஒரு சிறுநீரகம் தாரும்’ என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கிறவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. பிறகு, ஏதோ ஓர் ஐசியூ வாசலில் ‘உறுப்புகளைத் தர முடியுமா’ என்று கேட்கப்படப்போகிற, உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்காகவும் ஜெபியுங்கள். அவர்களிடம் பேசுகிறவர் கனிவாகப் பேசவேண்டும், அவர்களை யாரும் அவசரப்படுத்தக்கூடாது, அவர்கள் எந்த முடிவை எடுத்தாலும் பின்னால் அதற்காக வருந்தக்கூடாது என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். சிறுநீரகம் கிடைத்து, சபையில் சாட்சி சொல்லும் நாள் வந்தால், ‘கர்த்தர் ஒருவரை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மகனைப் பறிகொடுத்த தாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஒரு வீட்டின் பிள்ளையைப் பறித்து இன்னொரு வீட்டுக்கு உதவுகிறவர் அல்ல நம் பிதா. அந்த மரணத்தின் ஓரத்திலும் இரக்கம் பிறக்கும்படி செய்கிறவர் அவர்.

இனி அந்த ராத்திரியைப் பற்றி.

பொருந்தவில்லை என்று அவர்கள் சொன்னதை நீங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டீர்கள். அழைக்கப்பட்டும் தள்ளப்பட்டோம் என்று நினைக்கிறீர்கள். ஒரு சிறுநீரகம் வரும்போது வரிசையில் முன்னால் இருக்கிற ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை அழைப்பது வழக்கம். ஒருவருக்குப் பொருந்தாவிட்டால் அடுத்தவருக்குத் தாமதமில்லாமல் பொருத்தவேண்டும் என்பதற்காக. கிராஸ் மேட்ச் என்ற சோதனையில், கொடுப்பவரின் அணுக்களோடு உங்கள் கணவருடைய இரத்தத்தின் சீரத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவருடைய இரத்தத்தில் அந்த அணுக்களைத் தாக்குகிற எதிர்பொருள்கள் இருந்தால், பொருத்தப்படும் சிறுநீரகத்தை உடம்பு உடனே நிராகரித்துவிடும். அன்றைக்கு அந்தச் சோதனை தப்பாமல் சொன்னதால்தான், வீணாகப்போகிற ஓர் அறுவைச் சிகிச்சையிலிருந்து அவர் காக்கப்பட்டார். வேண்டாத சிறுநீரகத்தோடு வராமல் வெறுங்கையோடு வந்தீர்கள். வலித்தது உண்மைதான். கைவிடப்பட்டதாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை.

யோசேப்பைச் சிறையில் நினைத்துப் பாருங்கள். பானபாத்திரக்காரரின் தலைவனுக்குச் சொப்பனத்தின் அர்த்தம் சொல்லி, ‘நீ வாழ்வடைந்திருக்கும்போது என்னை நினைத்துக்கொள்’ என்று வாய்விட்டுக் கேட்டான். அவன் விடுதலையாகிப் போனான். கதவு திறந்த ஓசையை யோசேப்பு கேட்டிருப்பான். அப்புறம் இரண்டு வருஷம். அவன் மறந்துவிட்டான் என்று ஆதியாகமம் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு வருஷம் யோசேப்பு என்ன நினைத்தான், அழுதானா, கோபப்பட்டானா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அந்த மௌனம் பெரிய ஆறுதல். நம்பிக்கை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து விலகிப்போன பிறகு ஒரு விசுவாசி இப்படித்தான் உணரவேண்டும் என்று வேதம் யாருக்கும் சட்டம் போடவில்லை.

அந்தச் சகோதரி அழுதபோது உங்களுக்கு வயிறு எரிந்ததே, அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவருக்குத் தெரியாததா? சொன்னபிறகு அந்தச் சகோதரிக்கு ஒரு போன் செய்யுங்கள். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். உறுப்பு மாற்றுக்குப் பிறகு என்னென்ன மாத்திரை, என்னென்ன கவனம், வீட்டை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு இப்போது தெரியும். நாளைக்கு அது உங்களுக்கு வேண்டும். அவருக்கும் பேச ஆள் இல்லாமல் இருக்கலாம். சிறுநீரகம் கிடைத்ததோடு பயம் முடிந்துவிடுவதில்லை.

ஈஸ்டருக்குள் என்று தேதி சொன்னாரே, அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். எரேமியாவின் புஸ்தகத்தில் 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் எப்போது திரும்புவோம் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற நேரம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய பெயரில் சொல்கிறான். எரேமியா என்ன பதில் சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் தம் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையாக்க அவர் துணியவில்லை. பிறகு அனனியாவைப் பார்த்து, இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய் என்றார்.

தேதி சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த ஊரில் அடுத்த கூட்டம். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பவேண்டியவர்கள் நீங்கள்தான். அற்புதம் நடக்காது என்று நான் சொல்லவில்லை. தேவனால் எல்லாம் கூடும் என்று விசுவாசித்துத்தான் நோயாளிகளின் தலையில் நானும் கைவைக்கிறேன். ஆனால் அவர் சொல்லாத தேதியை அவர் பெயரில் சொல்வது பாவம். அது நடக்காதபோது, பழியை நோயாளியின் விசுவாசத்தின் மேல் போடுவது அதைவிடப் பெரிய பாவம். உங்கள் விசுவாசம் குறைவானதல்ல. மூன்று வருஷமாக வாரம் மூன்று முறை ஒரு மனிதரை அழைத்துக்கொண்டு போய் வருகிற பெண்ணிடம் இல்லாத விசுவாசம் வேறு யாரிடம் இருக்கிறது?

டயாலிசிஸை நிறுத்துவது பற்றி: வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம். வேறு எதில் யார் பேச்சைக் கேட்டாலும் இதில் கேட்காதீர்கள். டயாலிசிஸ் தவறினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். உபவாசத்தையும் அவர் தம் இஷ்டத்துக்கு இருக்கக்கூடாது. உபவாசத்தை முடிக்கும்போது இளநீரோ பழச்சாறோ குடிக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த இளநீரே ஆபத்து. உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ‘அத்தை, உங்கள் மகனுக்காக நீங்கள் உபவாசம் இருங்கள், எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் ஜெபத்தில் சேர்ந்துகொள்கிறேன், அவர் சாப்பிடட்டும், டயாலிசிஸுக்குப் போகட்டும்.’ பெற்ற வயிறு ஏதாவது செய்யவேண்டும் என்று துடிக்கிறது. செய்வதற்கு ஒன்றைக் கொடுத்தால் அடங்கும். அவர்கள் இன்னும் பிடிவாதமாக இருந்தால் உங்கள் சபைப் போதகரை வீட்டுக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

மறுபடியும் எரேமியாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, ‘வீட்டில் எல்லாமே அப்படித்தான் நிற்கிறது’ என்பது.

நம் வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் அடிக்கடி வரும். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்று தொடங்குகிற வசனம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தை வாசித்தவர்களில் பெரியவர்கள் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அப்படிப்பட்டவர்களுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்த கட்டளை என்ன? ‘நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’ பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள் என்றும், நீங்கள் குடியிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றும் சொல்கிறார். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

மகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். இந்த வருஷமே அனுப்புங்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கும். அது உங்கள் ஆபரேஷனுக்காகக் காத்திருக்காது. அவள் நர்சிங் படிக்க விரும்புவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பள்ளியின் கடைசி வருஷங்களில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்த பெண் அல்லவா? ‘அப்பாவைவிட்டு எப்படிப் போவேன்’ என்று அவள் தயங்கினால், அவரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தகப்பன் சொல்லி அனுப்பினால் குற்றவுணர்வு இல்லாமல் போவாள். அவருக்கும், மூன்று வருஷத்துக்குப் பிறகு, தகப்பனாக ஒரு முடிவு எடுத்தோம் என்று இருக்கும். வேறென்ன நின்றுபோயிருக்கிறதோ, பூசாமல் விட்ட சுவரோ, சபையாகச் சேர்ந்து சாப்பிடும், போகாமல் விட்ட அசன விழாவோ, அதில் ஒன்றையாவது இந்த மாதம் தொடங்குங்கள். ஆலயத்துக்குப் போனால் திருவிருந்தில் வாங்கும் அந்த ஒரு மிடறு திராட்சரசத்தைப் பற்றிக்கூடக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. அவ்வளவு கணக்குப் பார்க்கவேண்டியதில்லை, தாராளமாக எடுக்கட்டும்.

பொறுமை எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அதிலும் பெண்களுக்கு. சங்கீதக்காரன் அப்படி இருக்கவில்லை. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று கேட்கிறான் 13ஆம் சங்கீதத்தில். ஆறே வசனமுள்ள அந்தச் சிறிய சங்கீதத்தில் ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே. கடைசி வரியில்கூட விடியவில்லை, இருளில்தான் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. நம் ஆண்டவரே கெத்செமனேயில் முதலில் தமக்கு வேண்டியதைக் கேட்டார், இந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்று. ‘உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது’ என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. நாமோ, கேட்பதை விட்டுவிட்டு நேரே சித்தத்துக்குப் போய்விடுகிறோம். அதையே பக்தி என்று நினைத்துக்கொள்கிறோம். கேளுங்கள். அழுது கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடும் கேளுங்கள். அவரிடமே போய்க் கோபப்படுகிற வரைக்கும் நீங்கள் அவரை விட்டுப் போகவில்லை.

அப்படிக் கொட்டித் தீர்த்தபிறகு, அன்றைய நாளுக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள். வனாந்தரத்தில் மன்னா ஒரு நாளைக்கு ஒரு நாள் அளவாகத்தான் விழுந்தது; மறுநாளுக்கென்று மிச்சம் பிடித்தவர்களுடையது புழுத்துப்போயிற்று. இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வியை ராத்திரி படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நாளைக்கு டயாலிசிஸ் நாளா, ஓய்வு நாளா? டயாலிசிஸ் நாள் என்றால், ஊசி நல்லபடியாக ஏறவேண்டும், இரத்த அழுத்தம் விழாமல் நான்கு மணி நேரமும் கழியவேண்டும். ஓய்வு நாள் என்றால், அவர் ஒரு வாய் ருசித்துச் சாப்பிடவேண்டும். அவ்வளவு போதும்.

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்துப் போட்டிருக்கும் ஃபிஸ்டுலாவில் அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். காலை ஜெபத்தின்போது அந்த இடத்தில் உங்கள் விரலை வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் இரத்தம் விறுவிறு என்று ஓடுவது தெரியும். உங்கள் இருவருக்கும் அன்றைய ஸ்தோத்திரத்துக்கு அது ஒன்றே காரணமாக இருக்கட்டும். அதிர்வு குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும் என்பதால் இது சோதனையும் ஆயிற்று.

தண்ணீர்ச் சண்டை டயாலிசிஸ் வீடுகளில் எல்லாம் நடக்கிறது. அந்தத் தாகம் வெளியே இருக்கிற நமக்குப் புரியாது. மருத்துவர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காப்பி, ரசம், கஞ்சி எது குடித்தாலும் அந்த அளவுக்கு அதிலிருந்து எடுத்துவிடவேண்டும். பாட்டில் அவருடையது, கணக்கும் அவருடையது. நீங்கள் காவல்காரராக இருப்பதிலிருந்து ஓய்வு பெறுங்கள். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அவருக்கு மட்டும் இல்லை என்று இல்லாமல் எல்லாரும் விட்டுவிடுங்கள். நேற்றுக் கத்தியதற்கு இன்று ராத்திரி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவர் மனதில் அதை வைத்திருக்கமாட்டார். உங்கள் மனதிலிருந்து இறங்குவதற்காகச் சொல்கிறேன்.

‘என்னால் உங்களுக்குத்தான் தொல்லை’ என்ற பேச்சைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நீண்ட காலம் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம். அது ஒரு நோய், மருந்தும் ஆலோசனையும் உண்டு. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கும்போது அவரிடம் நேராகவே கேளுங்கள்: ‘செத்துப்போனால் நல்லது என்று நினைக்கிறீர்களா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இல்லை என்று சொன்னாலும், அடுத்த டயாலிசிஸின்போது சோர்வைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாக, மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பதிவேட்டில் உங்கள் கணவருடைய பெயர் நடப்பில் இருக்கிறதா, போன் எண்கள் சரியாக இருக்கின்றனவா, ஏதேனும் பரிசோதனையைப் புதுப்பிக்கவேண்டுமா என்று கேளுங்கள். அன்றைக்குப் பொருந்தாமல் போனது எதனால், எதிர்பொருள்களின் அளவு கூடியிருக்கிறதா, அவருக்கு இரத்தம் ஏற்றவேண்டிய நிலை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் கேளுங்கள். இரத்தம் ஏற்றும்போது எதிர்பொருள்கள் கூடக்கூடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸோடு உறுப்பு மாற்றுக்கும் இடம் உண்டு. உங்கள் அட்டைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

அண்ணனுடைய இரத்தப் பிரிவு சேரவில்லை என்றதோடு அந்தக் கதவு மூடிவிட்டதாக நினைத்துவிட்டீர்கள். இதே போல் பிரிவு சேராமல் தவிக்கிற இன்னொரு குடும்பம் இருந்து, அவர்கள் வீட்டுக் கொடையாளி உங்கள் கணவருக்கும், உங்கள் மைத்துனர் அவர்கள் வீட்டு நோயாளிக்கும் பொருந்தினால், மாற்றிக் கொடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த வழி. உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர் என்பதால் அவர் அதற்குத் தகுதியானவர். இரத்தப் பிரிவு சேராமலே செய்யும் சிகிச்சையும் சில மருத்துவமனைகளில் உண்டு, செலவு அதிகம். இவை உங்கள் கணவருக்கு ஒத்துவருமா என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். போகும்போது அண்ணனையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.